கொல்லைப்புறத்து வேட்டைச் சிலந்திகள்: மேக்ரோ படமெடுக்க முழுமையான வழிகாட்டி

வீட்டுக்குப் பின்னால் நாலு கத்தரிச் செடியும் ஒரு செம்பருத்தியும் இருந்தால் போதும், மேக்ரோ போட்டோகிராபியை இன்றே தொடங்கிவிடலாம். மாடித் தோட்டத்துத் தொட்டிகளும் போதும். வாருங்கள், படிப்படியாகப் போவோம்.

எதைத் தேடுவது?

முதலில் குதிக்கும் சிலந்தி. இது வலை பின்னி இரைக்குக் காத்திருக்காது. பார்த்து, பதுங்கி, பாய்ந்து பிடிக்கும். சுவரிலும் அகன்ற இலைகளிலும் கிடைக்கும். முகத்தின் நடுவே இரண்டு பெரிய கண்கள் இருக்கும். நாம் நெருங்கினால் பெரும்பாலும் ஓடாமல் லென்ஸைத் திரும்பிப் பார்க்கும். அதனால் புதியவர்களுக்கு இதுவே ஏற்றது.

அடுத்து, பூவில் அசையாமல் தேனீக்குக் காத்திருக்கும் நண்டுச் சிலந்தி. காலெல்லாம் முள்முள்ளாக இருந்தால் அது லின்க்ஸ் சிலந்தி. வலை பின்னும் சிலந்தியும் தென்படலாம்: வலை நடுவே, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறிபோல் தலைகீழாகத் தொங்கினால் அது ஆர்ஜியோப்பி.

எவ்வளவு செலவாகும்?

மொபைலில் மாட்டும் கிளிப் மேக்ரோ லென்ஸ் சில நூறு ரூபாயில் தொடங்குகிறது. பழகுவதற்கு இதுவே போதும்.

கேமரா இருந்தால், லென்ஸைத் திருப்பி மாட்டும் ரிவர்ஸ் ரிங்குக்கும் சில நூறுதான் ஆகும். ஆனால் பெரும்பாலான புதிய லென்ஸ்களில், திருப்பி மாட்டியபின் வெளிச்சம் புகும் துளையின் அளவைக் கேமராவிலிருந்து மாற்ற முடியாது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும், மின் இணைப்புள்ள எக்ஸ்டென்ஷன் ட்யூபில் இந்தச் சிக்கல் இல்லை. விலை சில ஆயிரம். 1:1 உருப்பெருக்கம் தரும் தனி மேக்ரோ லென்ஸ் பல ஆயிரம் ஆகும். அதைக் கடைசியாக வாங்கலாம்.

பணம் மிஞ்சினால் முதலில் ஃபிளாஷ் வாங்குவோம். மேக்ரோவில் லென்ஸைவிட வெளிச்சமே படத்தைத் தீர்மானிக்கிறது.

எப்படி எடுப்பது?

ஒன்று, வெளிச்சத்தை மென்மையாக்குவோம். ஃபிளாஷுக்கு முன்னால் ட்ரேசிங் பேப்பரையோ மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட்டையோ வளைத்துக் கட்டினால், சிலந்தியின் கண்ணில் கூசும் வெள்ளைப் புள்ளி விழாது.

இரண்டு, கேமராவை மேனுவலில் வைப்போம். ஷட்டர் 1/200, துளை எஃப்/11, ஐஎஸ்ஓ 200 என்று தொடங்கலாம். படம் இருட்டாக வந்தால் ஃபிளாஷின் அளவைக் கூட்டுவோம்.

மூன்று, ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுவோம். முழங்கையைத் தரையிலோ தொட்டி விளிம்பிலோ ஊன்றி, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி, கண் தெளியும் நொடியில் அழுத்துவோம். தெளிவாக விழும் ஆழம் மிக மிகக் குறைவு. கண் தெளிவாக இருந்தால் கால் மங்கலானாலும் படம் நிற்கும்.

நான்கு, சிலந்தியின் கண் மட்டத்துக்கு இறங்குவோம். மேலிருந்து எடுத்தால் முதுகுதான் தெரியும்.

ஐந்து, பாய்ச்சலை முன்கூட்டியே கணிப்போம். குதிக்கும் சிலந்தி பாயும் முன் வயிற்றின் நுனியை இலையில் தொட்டு, ஒரு நூலை ஒட்டிக்கொள்ளும். தவறினால் அந்த நூல்தான் அதைத் தாங்கும். அந்த அசைவைக் கண்டதும் ஷட்டரில் விரல் இருக்கட்டும்.

எப்போது போவது?

குளிர்ந்த அதிகாலையில் சிலந்திகள் மந்தமாக இருக்கும், காற்றும் குறைவு. இரவில் டார்ச்சைக் கண்ணருகே பிடித்துத் தரையைப் பார்த்தால் ஓநாய்ச் சிலந்தியின் கண்கள் மின்னும். முதுகில் குஞ்சுகளைச் சுமக்கும் தாயும் தென்படலாம்.

எதில் கவனம்?

படத்துக்காகச் சிலந்தியை ஃபிரிட்ஜில் வைப்பது, பசையிட்டு ஒட்டுவது, வலையைக் கலைப்பது எதுவும் வேண்டாம். முட்டைப் பையைத் தொட வேண்டாம். இரவில் மூடிய செருப்பும் முழுக்கால் சட்டையும் அவசியம். பாம்பும் தேளும் அதே நேரத்தில்தான் நடமாடும். இலைக்கு அடியில் கைவிடும் முன் குனிந்து பார்த்துக்கொள்வோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்துங்கள். இரை இருந்தால்தான் வேட்டைக்காரரும் இருப்பார். அவர் இருந்தால்தான் நமக்குப் படம்.