மிஞ்சிய குளிசை

பிள்ளைக்குத் தண்ணீராக வயிற்றால் போகிறது. போன மாதம் மூத்த பிள்ளைக்குக் கொடுத்து மிஞ்சிய அன்ரிபயோட்டிக் குளிசையைத் தேடி எடுத்து, பாதியாக உடைத்துக் கொடுக்கிறோம். மூன்று நாளில் வயிற்றோட்டம் நிற்கிறது. குளிசைதான் சுகமாக்கியது என்று நம்புகிறோம்.

உண்மை வேறு. சிறுபிள்ளைகளுக்கு வரும் தண்ணீர் வயிற்றோட்டத்தில் பெரும்பகுதி வைரசுக் கிருமிகளால் வருவது. அன்ரிபயோட்டிக் வைரசை ஒன்றும் செய்யாது. நோய் தானாகவே நின்றது. ஆனால், கொடுத்த பாதிக் குளிசை குடலில் வேறொரு வேலையைச் செய்துவிட்டது.

வயலில் கண்டது

அறக்கொட்டியானுக்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் என்ன நடக்கும்? மருந்துக்குத் தாக்குப்பிடிக்கும் சில பூச்சிகள் தப்பிப் பெருகும். பிறகு அந்த மருந்து பலிக்காது. குடலில் வாழும் பக்ரீரியாக்களும் அப்படியே. இவற்றில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தப்பிய பக்ரீரியா, தான் பெற்ற எதிர்ப்புச் சக்தியை வேறு இனப் பக்ரீரியாவுக்கும் கொடுக்கும். 1950களில் யப்பானில் வயிற்றுளைவுக் கிருமியான சிகெல்லாவை ஆராய்ந்தவர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள்.

1984இல் மேற்கு வங்காளத்தில் இரத்த வயிற்றுளைவு பரவியபோது பழைய மருந்துகள் பல பலிக்கவில்லை. நாலிடிக்சிக் அமிலம் கைகொடுத்தது. சில ஆண்டுகளில் அதற்கும் கிருமி பழகிவிட்டது. 2005இல் உலக சுகாதார நிறுவனம் அம்மருந்தை இனிப் பாவிக்க வேண்டாம் என்றது. அடுத்து வந்த சிப்ரோபுளொக்சசினும் இப்போது ஆசியாவின் பல இடங்களில் தோற்கிறது.

நமக்கு ஏன் இது முக்கியம்?

இடம்பெயர்ந்தவர்கள் நெருங்கி வாழ்கிறோம். கல்முனைக் கரையோரம் மணல் நிலம்; கிணறு ஆழமில்லை; மலசலகூடக் குழி பக்கத்தில். ஒரு வீட்டில் மருந்துக்கு அடங்காத கிருமி உருவானால் அது அயல் வீட்டுப் பிள்ளைக்கும் போகும். அந்தப் பிள்ளைக்கு இரத்தமாகப் போகும் நாளில் வைத்தியரின் கையில் மருந்து இருக்காது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நமது கிணறுகள் உப்பாகி அழுக்காகின. பள்ளிக்கூடங்களில் குடும்பங்கள் நிறைந்தன. ஆனாலும் பெரிய கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. பவுசரில் வந்த நல்ல தண்ணீரும், குளோரினும், மலசலகூடங்களும் காத்தன.

1971இல் வங்காள அகதிகள் தங்கிய பொங்காவ் முகாமில் வாந்திபேதி பரவியது. சேலைன் தீர்ந்துபோக, டொக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 100க்கு 30 ஆக இருந்த மரணம் 4க்கும் கீழே இறங்கியது.

செய்ய வேண்டியவை

1. ஜீவனியைப் பொதியில் சொன்ன அளவு நீரில் கரையுங்கள். இல்லையேல் 1 லீற்றர் கொதித்தாறிய நீரில் 6 மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. 24 மணி நேரத்தில் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள்.
2. ஒவ்வொரு முறை போன பின்னும் 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கால் முதல் அரைக் கோப்பை, அதற்கு மூத்த பிள்ளைக்கு அரை முதல் ஒரு கோப்பை, சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம்.
3. வைத்தியர் சிங்க் குளிசை தந்தால் 10 முதல் 14 நாள் முழுவதும் கொடுங்கள்.
4. இரத்தம் போனால், கண் குழிந்தால், குடிக்க முடியாமல் சோர்ந்தால், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கே தரும் அன்ரிபயோட்டிக்கைச் சொன்ன நாள்வரை கொடுங்கள். பிறருக்குப் பங்கிட வேண்டாம்.

கூடிப் பேசுவோம்

நம் வீட்டில் மிஞ்சிய குளிசை எத்தனை? நமது கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே எத்தனை அடி?