கணிப்பொறிகளுக்கு ஓர் ஊர்க் களஞ்சியம்

தருமபுரி மாவட்டத்தாருக்கு நீரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்தமையால் பற்களும் எலும்புகளும் பழுதுற்றவர்கள் இங்கே பலர். அக்குறையைப் போக்கும் பொருட்டு 2013 ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், காவிரி நீரைக் குழாய் வழியே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டு வருகிறது. அந்நீருக்காக ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே ஒகேனக்கலுக்குச் செல்வதில்லை. குழாயில் வரும் நீர் ஊரின் மேல்நிலைத் தொட்டியில் தேங்குகிறது. அங்கிருந்து தெருக்களுக்குப் பிரிகிறது. காரிமங்கலம் வட்டாரத்துப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நன்கறிந்த இவ்வேற்பாட்டை இன்று வேறொன்றுக்கும் கைக்கொள்ளுதல் நலம். இங்கே குழாய் என்பது இணையத் தொடர்பு. அதில் வரும் பொருள் கணிப்பொறிகளுக்குரிய மென்பொருள் திருத்தங்கள்.

குழாய் ஒன்று, தேவை பல

கிராமப் பஞ்சாயத்துகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசாங்கம் 2011 ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. பின்னர் அது பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இவ்வாறு இணைக்கும் பணிக்கென 2018 இல் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் அமைக்கப்பட்டது. எனினும் கம்பி வராத இடத்திலும், வந்த கம்பி அறுந்த நாளிலும், கைபேசித் தொடர்பே துணை. அத்தொடர்போ, பெரும்பாலும் நாளொன்றுக்கு 1.5 அல்லது 2 ஜிகாபைட் என அளந்து விடப்படுவது.

ஓர் ஊராட்சிக் கட்டிடத்தில் இ-சேவை மையமும், 20 லினக்ஸ் கணிப்பொறிகள் கொண்ட பயிற்சிக் கூடமும் ஒரே இணைப்பைப் பங்கிட்டுக் கொள்வதாக வைத்துக்கொள்வோம். இணைப்பின் வேகம் விநாடிக்கு 4 மெகாபிட். அதாவது அரை மெகாபைட். ஒரு மாதத்தில் ஒவ்வொரு பொறிக்கும் 400 மெகாபைட் திருத்தங்கள் வேண்டியிருப்பின், இருபதுக்கும் சேர்த்து 8,000 மெகாபைட் ஆகும். அதனைத் தருவிக்க 16,000 விநாடிகள், அதாவது ஏறத்தாழ நான்கரை மணி நேரம் பிடிக்கும். நாளுக்கு 2 ஜிகாபைட் பெறும் தொடர்பாயின் நான்கு நாள் பங்கு முழுவதும் அதற்கே செலவாகிவிடும்.

அந்த நான்கரை மணி நேரமும் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் வந்தவர்கள் காத்து நிற்பர். கூலி வேலையை விட்டு வந்தவருக்கு அது ஒரு நாள் கூலியின் இழப்பு. வந்து கொண்டிருந்ததோ, ஒரே திருத்தத்தின் இருபது பிரதிகள்.

திருத்தம் அவசியந்தானா?

செலவுக்கு அஞ்சித் திருத்தங்களையே நிறுத்திவிடலாம் எனச் சிலர் கருதக்கூடும். இது வேலியில் விழுந்த இடைவெளியை அடைக்காமல் விடுவதற்கு ஒப்பாகும். 2014 ஏப்ரலில், லினக்ஸ் பொறிகள் பலவும் உபயோகிக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளிப்பட்டது. அதன் வழியே கடவுச்சொற்களும் களவு போகக்கூடும். திருத்தம் உடனே வெளியாயிற்று. அதனை ஏற்ற பொறிகளில் ஓட்டை அடைபட்டது. 2017 மே மாதத்தில் 'வன்னாக்ரை' என்னும் நச்சுநிரல் உலகெங்கும் விண்டோஸ் பொறிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அதற்குரிய திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சிலேயே, வெளியாகியிருந்தது. ஊராரின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் கையாளப்படும் இடத்தில் இத்தகைய அசிரத்தை கூடாது.

லினக்ஸ் பொறிகளின் சிறப்பு

லினக்ஸ், 1991 இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, உலகத்தார் பலர் கூடி வளர்த்த இயங்குதளம். 1993 இல் தோன்றிய டெபியன் அதன் ஒரு வகை. நமது நாட்டின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007 இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸும், பரவலாக வழங்கும் உபுண்டுவும் டெபியன் வழிவந்தவையே. 2011 இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்த்து வழங்கப்பட்டது. அண்டை மாநிலமாகிய கேரளத்தின் அரசுப் பள்ளிகள் லினக்ஸையே பெரிதும் உபயோகிக்கின்றன.

இவ்வகைப் பொறிகள் தமக்கு வேண்டிய மென்பொருளை 'பொதிகள்' என்னும் கட்டுகளாக, இணையத்திலுள்ள பொதுக் களஞ்சியத்திலிருந்து பெறுகின்றன. ஒரே வகைப் பொறிகள் கேட்பவை பெரும்பாலும் ஒரே பொதிகள். ஆதலின் ஒரு முறை வந்த பொதியை ஊரிலேயே வைத்துக்கொண்டால் மற்றப் பொறிகளுக்கும் அதுவே போதும்.

களஞ்சியம் இயங்கும் விதம்

இதற்கென 'ஆப்ட்-கேச்சர்-என்ஜி' என்னும் இலவச மென்பொருள் உண்டு. அதனை ஒரு கணிப்பொறியில் நிறுவினால் அது ஊர்த் தொட்டியாகிவிடும். முதற்பொறி ஒரு பொதியைக் கேட்கும்போது, தொட்டிப் பொறி அதனை இணையத்திலிருந்து தருவித்துக் கொடுத்து, ஒரு பிரதியைத் தன் வட்டில் வைத்துக் கொள்ளும். இரண்டாம் பொறி கேட்கும்போது வட்டிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். களஞ்சியத்திலிருந்து நீங்கிய பழைய பொதிகளைத் தானே களைந்துவிடும்.

மேற்கண்ட கணக்கையே பார்ப்போம். 400 மெகாபைட் ஒரு முறை வர 13 நிமிடம் ஆகும். கட்டிடத்துக்குள் விநாடிக்கு 100 மெகாபிட் செல்லும் கம்பி இருப்பின், எஞ்சிய 19 பொறிகளுக்கும் வழங்க ஏறத்தாழ 10 நிமிடம். நான்கரை மணி நேர வேலை அரை மணிக்குள் முடியும். 8 ஜிகாபைட் செலவு அரை ஜிகாபைட்டுக்குள் அடங்கும்.

இடையிலுள்ள பொறியை நம்பலாமா என்ற ஐயம் எழுதல் இயல்பு. பொதிகளின் பட்டியலில் களஞ்சியத்தார் தம் மின் முத்திரையை இட்டிருப்பர். ஒவ்வொரு பொதிக்கும் உரிய சரிபார்ப்பு எண்ணும் அதில் இருக்கும். பெறும் பொறி அவற்றை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பொதியை ஏற்கும். இடையில் எவரேனும் பொதியை மாற்றியிருந்தால் அது தள்ளப்படும்.

செய்ய வேண்டியவை

1. புதிய பொறி வாங்க வேண்டுவதில்லை. நன்னிலையிலுள்ள பழைய பொறி ஒன்றும், அதன் வட்டில் சில பத்து ஜிகாபைட் இடமும் போதும்.

2. அப்பொறிக்கு உள் வலையமைப்பில் மாறாத முகவரி ஒன்று அளிக்க வேண்டும். மற்றப் பொறிகளில் அம்முகவரியையும் 3142 என்னும் வாயில் எண்ணையும் ஒரு வரியில் குறித்தால் போதும்.

3. எல்லாப் பொறிகளிலும் ஒரே லினக்ஸின் ஒரே பதிப்பு இருத்தல் வேண்டும். பதிப்பு வேறுபட்டால் பொதியும் வேறுபடும், சேமிப்பு குன்றும்.

4. களஞ்சிய முகவரிகள் 'எச்டிடிபி' முறையில் இருக்கட்டும். மறைகுறியிட்டு வரும் 'எச்டிடிபிஎஸ்' பொதிகளைத் தொட்டிப் பொறி சேமிக்க இயலாது.

5. திருத்தங்களை மக்கள் வந்து செல்லும் நேரம் கழிந்து மாலையில் தருவிக்க வேண்டும். தொட்டிப் பொறி நின்றிருந்தால் திருத்தம் வராது. ஆகையால் மின்சாரம் நிலையாக உள்ள வேளையைத் தேர்தல் நலம்.

6. இப்பணிக்குப் பொறுப்பாளர் ஒருவரைப் பெயர் குறித்து நியமிக்க வேண்டும்.

இணைப்பே இல்லாத மலைக் கிராமத்துக்கும் வழி உண்டு. 'ஆப்ட்-ஆஃப்லைன்' என்னும் மென்பொருள் பொறியின் தேவைகளை ஒரு பட்டியலாக எழுதித் தரும். அதனைப் பென்டிரைவில் எடுத்துச் சென்று, இணைப்புள்ள இடத்தில் பொதிகளை நிரப்பிக் கொண்டுவரலாம். விண்டோஸ் பொறிகளுக்கு இவ்விரு முறைகளும் பொருந்தா. அவை தமக்குள் திருத்தங்களைப் பகிர்ந்துகொள்ளத் தனி ஏற்பாடு அதிலேயே உண்டு.

பஞ்சாயத்தின் பங்கு

ஊர்ப் பணத்தில் கட்டணம் செலுத்தும் இணைப்பு, ஏரியையும் தொட்டியையும் போலவே ஊரின் பொதுச் சொத்து. அதனைச் சிக்கனமாய்ச் செலவிடுவதும் பஞ்சாயத்தின் கடமைகளுள் ஒன்று. அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர்கள் பின்வரும் வினாக்களை விவாதித்தல் பயன் தரும். நம் ஊரின் பொது இணைப்பை எத்தனை கணிப்பொறிகள் பங்கிடுகின்றன? அவை எவ்வகையின, கடைசியாக எப்போது திருத்தம் பெற்றன? தொட்டிப் பொறியாகத் தக்க பழைய பொறி பள்ளியிலோ அலுவலகத்திலோ சும்மா கிடக்கிறதா? அதனைப் பேணக்கூடிய பயிற்சி பெற்ற இளைஞர் ஊரில் எவர்? இவற்றுக்கு விடை கிடைத்த ஊரில் வேலை ஒரு நாளில் முடியும். பலனோ மாதந்தோறும் தொடரும்.