பறிபோன லைசென்ஸ்: கலிபோர்னியாவிலுள்ள மருமகனுக்கு

சிரஞ்சீவி மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் நீ குற்றத்தை ஒப்புக்கொண்டதையும், நீதிபதி மூன்று வருஷ நன்னடத்தைக் காலமும் அபராதமும் மூன்று மாத வகுப்பும் விதித்ததையும், லைசென்ஸ் முடக்கப்பட்டதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறாய். நடந்த காரியத்தின் குணதோஷங்களைப் பற்றி உன் தாயார் சொல்லாமல் விட்டது எதுவும் மிச்சமிருக்காது. அந்த அத்தியாயத்தை நான் திறக்கப்போவதில்லை. கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் நெடுங்காலம் வாகன இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருந்து, உன் நிலையில் இருந்த பலருடைய காகிதங்களை என் மேஜைமேல் விரித்துப் பார்த்தவன் என்ற முறையில், இனி நீ செய்யவேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள். உன் லைசென்ஸ் ஏன் இரண்டு முறை முடக்கப்பட்டது என்று கேட்டிருக்கிறாய். நீதிமன்றம் வேறு, வாகன இலாகாவாகிய டி.எம்.வி. வேறு. பிடிபட்ட அன்றிரவே போலீஸ் அதிகாரி உன் அட்டையை வாங்கிக்கொண்டு ஓர் இளஞ்சிவப்புக் காகிதத்தைக் கொடுத்தாரே, அது 30 நாள் செல்லும் தற்காலிக அனுமதியும், டி.எம்.வி. உன்னை முடக்கப்போகிறது என்ற அறிவிப்பும் ஆகும். அதை எதிர்த்து விசாரணை கேட்க 10 நாள் அவகாசம் இருந்தது. நீயோ நீதிமன்றத் தேதியே எல்லாவற்றுக்கும் தேதி என்று எண்ணி அதைத் தவறவிட்டாய். ரத்தத்தில் 0.08 சதவீதமோ அதற்கு மேலோ மதுசாரம் இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக இலாகா தன் அளவில் நான்கு மாதம் முடக்கியது. பிறகு நீதிமன்றத் தீர்ப்பு அதனிடம் வந்து சேர்ந்ததும் ஆறு மாதம் முடக்கியது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று கூட்டப்படுவதில்லை, கழித்துக்கொள்ளப்படும் என்பது ஓர் ஆறுதல்.

நீதிபதி வாய் திறக்குமுன்பே ஓர் இலாகாவுக்கு இவ்வளவு அதிகாரமா என்று நீ கோபித்துக்கொண்டிருப்பது எனக்குப் புரிகிறது. 1980-ஆம் ஆண்டு சாக்ரமென்டோவை அடுத்த ஃபேர் ஓக்ஸ் என்னும் ஊரில், சாலையோரம் நடந்துபோன 13 வயதுச் சிறுமி ஒருத்தியைக் குடிபோதையில் வந்த ஒருவன் மோதிக் கொன்றான். அவன் முன்பே பலமுறை அதே குற்றத்துக்காகப் பிடிபட்டவன். கடைசியாகப் பிடிபட்டு ஜாமீனில் வெளிவந்து சில நாட்களே ஆகியிருந்தன. அந்தப் பெண்ணின் தாயார் கேண்டி லைட்னர் தொடங்கிய தாய்மார் இயக்கம்தான் பின்னர் தேசம் முழுவதும் பரவிச் சட்டசபைகளை அசைத்தது. 0.10 என்றிருந்த வரம்பைக் கலிபோர்னியா 0.08 ஆகக் குறைத்ததும், வழக்கு முடியும்வரை காத்திராமல் முடக்கும் அதிகாரத்தை டி.எம்.வி.க்குக் கொடுத்ததும் 1990-இல். ஜாமீனில் வந்தவன் மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடிக்காமலிருக்க வேறு உபாயம் எனக்குத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றினால் எழுது.

இனி எஸ்.ஆர்.-22. அதை ஒருவகை இன்ஷூரன்ஸ் பாலிசி என்று நினைத்து, எந்தக் கம்பெனியில் மலிவு என்று விசாரித்துக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். அது பாலிசி அன்று. இன்னாருக்கு எங்களிடம் செல்லுபடியாகும் பாலிசி இருக்கிறது, அது நின்றுபோனால் உடனே உங்களுக்குத் தெரிவிக்கிறோம் என்று கம்பெனியார் டி.எம்.வி.க்கு அனுப்பும் அத்தாட்சிப் பத்திரம் அது, அவ்வளவே. பத்திரத்தை அனுப்ப அவர்கள் வாங்கும் கட்டணம் அற்பம். பத்திரம் தேவைப்படுகிற ஆசாமி என்று தெரிந்தபின் கேட்கும் பிரீமியம்தான் கனமானது. மூன்று வருஷம் இந்த அத்தாட்சி அறுபடாமல் இருக்கவேண்டும்.

அந்த அறுபடாமை என்பதில்தான், மருமகனே, நான் பார்த்த புத்திசாலிகளெல்லாம் இடறினார்கள். வகுப்புக்கு ஒழுங்காகப் போய், அபராதத்தைக் கட்டி, லைசென்ஸைத் திரும்பப் பெற்ற ஒரு பொறியாளர் என்னிடம் இருந்தார். மாதாமாதம் வங்கி அட்டையிலிருந்து தானாகவே தவணை போய்க்கொண்டிருந்தது. அட்டை காலாவதியாயிற்று, புதிய அட்டையின் எண்ணைக் கம்பெனிக்குக் கொடுக்க மறந்தார், எச்சரிக்கைக் கடிதம் அவர் காலிசெய்துவிட்ட பழைய அபார்ட்மென்டுக்குப் போயிற்று. பாலிசி ரத்தாகவே, கம்பெனியார் சட்டப்படி எஸ்.ஆர்.-26 என்னும் எதிர்ப்பத்திரத்தை அனுப்பிவிட்டார்கள். பின்விளக்கு எரியவில்லை என்று மில்பிடாஸில் போலீஸ்காரர் நிறுத்திய பிறகே தம் லைசென்ஸ் மறுபடியும் முடங்கியிருப்பதை அவர் அறிந்தார். குடித்தது ஒரு நாள், அதற்கு அனுபவித்ததும் முடிந்தது. ஒரு பிளாஸ்டிக் அட்டையின் தேதியால் மறுபடியும் முடக்கம். விலாசம் மாறினால் டி.எம்.வி.க்கும் கம்பெனிக்கும் அன்றைக்கே தெரியப்படுத்து.

உன் சிநேகிதர்கள் சொல்லும் யோசனைகளையும் பார்த்தேன். வண்டியை விற்றுவிட்டால் இன்ஷூரன்ஸே வேண்டாம் என்பது ஒன்று. வண்டி இல்லாவிட்டாலும் உரிமம் வேண்டுமானால் அத்தாட்சி வேண்டும். சொந்த வாகனம் இல்லாதவர்களுக்கென்றே தனிப் பாலிசி உண்டு, விலையும் குறைவு. டெக்சாஸுக்கு மாறிவிடு என்பது இன்னொன்று. முடக்கப்பட்டவர்களின் பெயர்கள் தேசிய ஓட்டுநர் பதிவேட்டில் ஏறியிருக்கும். அங்கே புது லைசென்ஸ் கேட்டால் அவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். இந்திய லைசென்ஸையும் சர்வதேசப் பெர்மிட்டையும் காட்டி ஓட்டு என்று ஒருவர் சொன்னாராமே, அவரை உன் வீட்டு வாசற்படி ஏற்றாதே. கலிபோர்னியாவில் வண்டி ஓட்டும் உரிமையே முடக்கப்பட்டிருக்கும்போது எந்த நாட்டு அட்டை பையில் இருந்து என்ன பிரயோஜனம்? இவ்வித முடக்கத்தின்போது ஓட்டிப் பிடிபட்டால், முதல் தடவையே குறைந்தது 10 நாள் சிறை என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது.

ஆனால் ஆறு மாதமும் நீ வண்டியைத் தொடாமல் இருக்கவேண்டியதில்லை. யாருக்கும் காயம் ஏற்படாத முதல் குற்றத்துக்கு, 2019 முதல் இரண்டு வழிகள் உண்டு. வேலைக்கும் வகுப்புக்கும் மட்டும் ஓட்டலாம் என்ற கட்டுப்பாட்டுடன் ஒரு வருஷம் கழிப்பது ஒன்று. வண்டியில் மூச்சைச் சோதிக்கும் பூட்டைப் பொருத்திக்கொண்டு ஆறு மாதம் எங்கும் ஓட்டுவது மற்றொன்று. எதுவானாலும் வகுப்பில் சேர்ந்ததற்கான சான்றும், எஸ்.ஆர்.-22-உம், மறுவழங்கல் கட்டணமும், பூட்டைத் தேர்ந்தால் அதைப் பொருத்தியதற்கான சான்றும் டி.எம்.வி.க்குப் போய்ச் சேரவேண்டும். அவை பதிவாகி இலாகா அனுமதித்த பின்னரே வண்டியை எடு.

நான் பூட்டையே சிபாரிசு செய்வேன். அந்தக் கருவி கைப்பேசி அளவுள்ளது; சுருள் வயரால் டாஷ்போர்டுக்கு அடியில் இணைத்திருப்பார்கள். அதன் குழாயில் வாய்வைத்துச் சில விநாடி ஊதினால், உள்ளே பிளாட்டினம் தகடுகளின்மேல் மூச்சிலுள்ள மதுசாரம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெல்லிய மின்சாரத்தை உண்டாக்கும். மின்சாரம் எவ்வளவோ அவ்வளவு மது. 0.03 அளவை எட்டினால் எஞ்சின் கிளம்பாது. கிளம்பிய பிறகும் வழியில் திடீரென்று பீப் என்று கூப்பிட்டு மறுபடியும் ஊதச் சொல்லும். கிளப்பும்போது சிநேகிதனை ஊதவைத்துவிட்டு மேலே போகிறவர்களுக்காக ஏற்பட்டது அது. ஒவ்வோர் ஊதலும் கருவியின் நினைவில் பதிவாகும். 60 நாளைக்கு ஒருமுறை கடைக்குக் கொண்டுபோய்ச் சரிபார்க்கவேண்டும். காலையில் வாய் கொப்பளிக்கும் மருந்தில் மதுசாரம் இருந்தால் அதுவும் குடியாகவே பதிவாகும். தண்ணீரால் கொப்பளித்துவிட்டுக் கால் மணி பொறுத்து ஊது. லிவர்மோர் சிவா–விஷ்ணு கோவில் வாகன நிறுத்தத்தில் என் வாடிக்கையாளர் ஒருவர் இதை ஊதிக்கொண்டிருந்தபோது, பிரசாதத்துடன் வந்த பெரியவர் ஒருவர் ஜன்னலில் குனிந்து, "என்ன தம்பி, ஆஸ்துமாவா? நல்ல டாக்டரைப் பார்த்தீர்களா?" என்று மிகுந்த பரிவோடு கேட்டார். ஆமாம் என்றும் சொல்லமுடியாமல், இல்லை என்றும் சொல்லமுடியாமல் அவர் ஊதிக்கொண்டே இருந்தார். ஆறு மாதத்துக்கு இந்த அசௌகரியம் இருக்கத்தான் செய்யும்.

பிரீமிய விஷயத்துக்கு வருகிறேன். 1988-இல் இம்மாநில மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 103-ஆம் பிரேரணையின்படி, நல்ல ஓட்டுநருக்குக் கம்பெனிகள் 20 சதவீதம் தள்ளுபடி தரவேண்டும். குடிபோதைக் குற்றவாளிக்கு அது 10 வருஷம் கிடையாது. எந்தக் கம்பெனியைக் கெஞ்சினாலும் கிடையாது. ஆனால் அதே பிரேரணை, கட்டணத்தை நிர்ணயிப்பதில் ஓட்டிய சரித்திரத்துக்கு அடுத்தபடியாக, வருஷத்தில் எத்தனை மைல் ஓட்டுகிறாய் என்பதையே கவனிக்கச் சொல்கிறது. சன்னிவேலில் கால்ட்ரெயின் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறாய். அலுவலகத்துக்கு ரயிலில் போய், மைல் கணக்கைக் குறைத்துக் கம்பெனிக்கு உண்மையாகத் தெரிவி. நான்கைந்து ஏஜெண்டுகளிடம் விலை கேள். ஒருவரும் ஏற்கவில்லையென்றால், புறக்கணிக்கப்பட்டவர்களைக் கம்பெனிகளுக்குப் பகிர்ந்தளிக்க மாநிலத்தில் ஒரு திட்டம் உண்டு, அதில் சேர எந்த ஏஜெண்டும் வழி சொல்வார். தண்டனையை மறைத்து மலிவான விலை வாங்காதே. மறைத்தது விபத்துக்குப் பின் வெளிப்பட்டால் பாலிசியைத் தொடக்கத்திலிருந்தே செல்லாததென்று அவர்கள் தள்ளிவிடலாம். அடிபட்டவனுக்கு நீ கைப்பணத்திலிருந்து கொடுக்கவேண்டிவரும்.

சட்டம் கேட்கும் குறைந்தபட்ச வரம்பும் 2025 ஜனவரி முதல் உயர்ந்துவிட்டது: ஒருவருக்குக் காயம் என்றால் 30,000 டாலர், ஒரு விபத்தில் பலருக்கு என்றால் 60,000, சொத்துச் சேதத்துக்கு 15,000. உங்கள் ஊர்ச் சாலைகளில் ஓடும் வண்டி ஒன்றை நன்றாக இடித்தால் 15,000 போதாது. கையில் காசு உள்ளவரை இதற்கு மேலேயே வாங்கு.

கடைசியாக, கார் சம்பந்தமில்லாத ஒன்று. நீ எச்-1பி விசாவில் இருப்பவன். குடிபோதையில் பிடிபட்டவர்களின் விசாவை, தண்டனை வருமுன்னரே முன்னெச்சரிக்கையாக ரத்துசெய்யத் தூதரகங்களுக்கு 2015 முதல் வழிகாட்டுதல் உண்டு. அப்படி ரத்தானாலும் இங்கே தங்கி வேலைபார்ப்பதற்கு அதனால் மட்டும் தடை வந்துவிடாது. வெளியே போனால், புது விசாவும் அதற்கு முன் தூதரகம் நியமித்த மருத்துவரின் பரிசோதனையும் இல்லாமல் திரும்பி வரமுடியாது. எப்போதாவது கைதானதுண்டா என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள். உண்டு என்றே எழுது. ஆகவே உன் தங்கை கல்யாணத்துக்குச் சென்னை டிக்கெட் எடுக்குமுன், குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரைக் கலந்துகொள். உன் குற்ற வழக்கை நடத்திய வக்கீலிடம் இதைக் கேட்டால் போதும் என்றிராதே. அது வேறு வித்தை.

அந்தப் பொறியாளரின் கதி உனக்கு நேராமலிருக்க, எஸ்.ஆர்.-22-க்கு ஆதாரமான பாலிசியின் பிரீமியத்தை மாதத் தவணையில் கட்டாதே. ஆறு மாதத்துக்கும் சேர்த்து ஒரேயடியாகக் கட்டிவிடு. பணம் குறைந்தால், அம்மாவிடம் கேட்கச் சங்கோசமாயிருந்தால், எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் மாமா