போர் நின்ற பின்னும் நில்லாத வினை

இல்லறத்தார் செயல்களில் நேரும் இம்சையை ஆரம்பி, உத்யோகி, விரோதி, சங்கல்பி என நான்காகப் பகுத்துரைப்பர். தன் மண்மேல் வந்த பகைவனை எதிர்ப்பது விரோதி இம்சையின்பாற்படும்; சாவகனுக்கு அது முற்றும் விலக்கப்படவில்லை. கடல் கடந்து சென்று அயல்நாட்டில் ஆண்டுக்கணக்கில் நடத்தும் போர் எவ்வகையைச் சாரும்? அதனை நிறுத்தத் துணிந்த அன்றே அதன் வினையும் நின்றுவிடுமா? அமெரிக்கா நடத்திய வியட்நாம் போரைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அமைதிப் பேச்சு பாரிசில் 1968 மே மாதம் தொடங்கியது. பேசுவோர் அமரும் மேசை எவ்வடிவில் இருக்க வேண்டும் என்பதிலேயே வாரக்கணக்கில் வழக்காடினர். ஒப்பந்தம் கையெழுத்தானதோ 1973 சனவரி 27இல்தான். அப்போரில் மாண்ட அமெரிக்க வீரர் 58,000 பேருக்கு மேல்; அவருள் 20,000 பேருக்கு மேல் 1969 முதல், அதாவது பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே மாண்டவர்கள். வியட்நாமியர் இழப்பு இதனினும் பன்மடங்கு. கையெழுத்துக்கு ஒரு திங்கள் முன்புகூட ஹனாய் நகர்மீது குண்டுமழை பொழியப்பட்டது. இத்தனை காலத் தாழ்வுக்குக் காரணம் யாது? ‘மானத்தோடு கூடிய அமைதி’ வேண்டும் என்றார் அதிபர் நிக்சன். உலக வழக்கில் மானம் உயர்குணம். நம் ஆகமத்திலோ அது நான்கு கஷாயங்களுள் ஒன்று என்பதை ஈண்டு நினைவுகூர்க.

பொருட்செலவும் சிறிதன்று. போர் நடவடிக்கைகளுக்கு மட்டும் அக்கால மதிப்பில் ஏறத்தாழ 11,100 கோடி டாலர் செலவாயிற்று. ஊனமுற்றோர் உதவித்தொகையும் மருத்துவமும் இதில் அடங்கா. அவை எத்துணைக் காலம் நீளும்? 1865இல் முடிந்த அமெரிக்க உள்நாட்டுப் போருக்குரிய ஓய்வூதியம் ஒரு வீரரின் மகளுக்கு 2020 வரை வழங்கப்பட்டது! வியட்நாமின் மறுசீரமைப்புக்கு 325 கோடி டாலர் அளிப்பதாக நிக்சன் 1973இல் எழுதிய கடிதத்தில் குறித்திருந்தார், அது அளிக்கப்படவேயில்லை. மாறாக, வீழ்ந்துபட்ட சைகோன் அரசு வாங்கியிருந்த கடனில் ஏறத்தாழ 14.5 கோடி டாலரைத் திருப்பித் தர 1997இல் வியட்நாமே இசைய நேர்ந்தது.

இனி, நம் பாடத்துக்கு மிக நெருங்கிய செய்தி. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் வினை வரவுக்கு இடமாகும் உயிரற்ற பொருள்வழி அதிகரணங்களுள் ‘நிக்ஷேபம்’ என்பதைக் கூறுகிறது. பொருளை நோக்காது, ஆராயாது, விரைந்து வைத்துவிடுதல் என்று உரையாசிரியர் விளக்குவர். கெண்டியை வைக்குமிடத்தையும் பார்த்து வைக்கும் முனிவரின் ஒழுக்கத்துக்கே இதனை எடுத்துக்காட்டுவது நம் வழக்கம். ஆயின், அண்டை நாடான லாவோசில் 1964 முதல் 1973 வரை 20 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குண்டுகள் வீசப்பட்டன. அவற்றுள் 27 கோடி சிறுகுண்டுகள். ஏறத்தாழ 8 கோடி வெடியாமல் மண்ணில் தங்கின. உழுபவன் கலப்பையிலும் விளையாடும் குழந்தையின் கையிலும் அவை பின்னர் வெடித்தன. வியட்நாமில் மட்டும் 1975க்குப் பின் இவ்வாறு இறந்தோர் 40,000 பேர் என்பது அந்நாட்டரசின் கணக்கு. வைத்தவன் மறந்தான், வைத்த பொருள் மறக்கவில்லை.

காடுகளை அழிக்க 1961 முதல் 1971 வரை தெளித்த நஞ்சு ஏழு கோடி லிட்டருக்கு மேல். ஓரறிவுயிராகிய மரஞ்செடிகளைப் பகையெனக் கருதிய போர் அது. அந்நஞ்சு மண்ணில் ஊறி, பிற்காலத்தில் பிறந்த மக்களையும் வருத்தியது.

பரதனும் பாகுபலியும் பொருத நேர்ந்தபோது, படைகள் மடியலாகாது என அமைச்சர் விலக்கி, இருவர்மட்டும் பொரச் செய்தனர். அப்போரும் முடிந்த அன்றே முடிந்துவிடவில்லை. தமையனுக்குத் துன்பம் விளைத்தோமே என்னும் எண்ணம் ஓராண்டு தவத்திலும் பாகுபலி முனிவரின் உள்ளத்தில் தங்கிற்று. பரதனே வந்து வணங்கிய பின்னரே கேவலஞானம் தோன்றியது.

அமெரிக்கா வியட்நாமுடன் தூதரக உறவு கொண்டது 1995இல். நஞ்சேற்றிய தா நாங் விமானதளத்தின் மண்ணைத் தூய்மை செய்யும் பணி அதன் பொருளுதவியுடன் 2012இல் தொடங்கி 2018இல் முடிந்தது. அதனினும் பெரிதாகிய பியன் ஹோவா தளத்தில் பணி தொடங்கியது 2019இல். போர் ஒப்பந்தம் கையெழுத்தாகி அப்போது 46 ஆண்டுகள் ஆகியிருந்தன.