படகு வரையும் தம்பிக்கு



நீ அனுப்பிய 24 அடி மோட்டார் படகின் வரைபடங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தன. கோடுகள் தெளிவாக இருக்கின்றன. அணியத்தின் வளைவைக் கண்டு உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். ஆனால் படத்தின் ஓரத்தில், அடிப்பாகத்துக்கு 24 பாகைச் சாய்வு கொடுத்திருப்பதால் எந்த அலையிலும் இந்தப் படகு அதிராமல் ஓடும் என்று குறித்திருக்கிறாயே, அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்த எண்ணின் பூர்வோத்தரம் கௌரவமானதுதான். அமெரிக்காவில் ரேமண்ட் ஹண்ட் என்ற படகுச் சிற்பி, அடிமரத்திலிருந்து இருபுறமும் ஆழ்ந்த கோணத்தில் எழும் அடியை அணியத்தோடு நிறுத்திவிடாமல் பின்தலை வரைக்கும் ஏறக்குறைய மாறாமல் கொண்டுபோய், அதன்மேல் நீளவாட்டில் மெல்லிய வரம்புகளையும் அமைத்து ஒரு படகை உருவாக்க, அது 1958-இல் நியூபோர்ட் அருகே கொந்தளித்த நீரில் ஓடியதைக் கண்ட ரிச்சர்ட் பெர்ட்ராம், அதே மாதிரியில் 30 அடி நீளத்தில் தமக்கு ஒன்று செய்வித்து, அதற்கு 'மாப்பி' என்று பெயரிட்டு, 1960-ஆம் ஆண்டு மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நாஸோ வரை நடந்த பந்தயத்தில் இறங்கினார். கடல் அன்று கடுமையாக இருந்தது. மாப்பி எட்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. இரண்டு மணி நேரம் கழித்து வந்த அடுத்த படகும் ஹண்டின் வடிவத்தைக் கொண்டதே. நீளம் மட்டும் 23 அடி. கோணத்தின் மகிமையைப் பேசுவோர் இவ்விரண்டு வெற்றிகளையும் சேர்த்துக் காட்டுகிறார்கள். நானோ, இரண்டுக்கும் இடையே உள்ள அந்த இரண்டு மணி நேரத்தைக் கவனிக்கும்படி உன்னைக் கேட்டுக்கொள்கிறேன். யந்திர பலத்துக்கும் அதில் பங்குண்டு என்றாலும், நீளமும் எடையும் அங்கே வேலை செய்யவில்லை என்று எவரும் சாதிக்க முடியாது.

கூரான அடி ஏன் சுகம் தருகிறது என்பதை நீ அறிவாய். விரித்த உள்ளங்கையால் நீரை அறைவதற்கும் கையின் விளிம்பால் வெட்டுவதற்கும் உள்ள வித்தியாசமே அது. கடலில் இறங்கும் விமானங்களின் மிதவைகள் தாங்கவேண்டிய மோதலைக் கணக்கிடப் புகுந்த வான் கார்மன் 1929-லேயே, கோணம் தட்டையாக ஆக ஆக மோதலின் விசை எல்லையின்றி ஏறுவதைக் கணிதத்தால் காட்டிவிட்டார். ஆகவே சாய்வின் குணத்தை நான் மறுக்கவில்லை. அது பல காரணங்களுள் ஒன்று என்பதும், அவற்றுள் மிகப் பெரியது அதுவன்று என்பதுமே என் அபிப்பிராயம்.

அலைகளில் விரையும் படகு வாங்கும் மோதலைக் கணக்கிட ஸாவிட்ஸ்கியும் பிரௌனும் 1976-இல் வெளியிட்ட சூத்திரத்தை எடுத்து நீயே கணக்கிட்டுப் பார். மற்றவை மாறாதிருக்க, அடியின் சாய்வை 10 பாகையிலிருந்து 20 பாகைக்கு உயர்த்தினால் மோதலின் கடுமை நாலில் ஒரு பங்கு குறைகிறது. ஓடும்போது படகு அணியத்தைத் தூக்கி நிற்கும் கோணத்தைப் பாதியாக்கினால் கடுமையும் பாதியாகிறது. வேகத்தைப் பாதியாக்கினாலோ அது நாலில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. இன்னும் நுணுகிப் பார்த்தால், அகலத்தைக் கூட்டுவது மோதலைக் கூட்டுவதாகவும், எடையைக் கூட்டுவது மோதலைக் குறைப்பதாகவும் அமைவதைக் காண்பாய். பெரிய படகு சுகமாக ஓடுவதன் ரகசியமும் இதிலேயே இருக்கிறது: ஒரே வடிவத்தை இரண்டு மடங்கு நீளமாக்கினால் அலையை வாங்கும் அடிப்பரப்பு நான்கு மடங்குதான் வளர்கிறது, எடையோ எட்டு மடங்காகிறது, அத்தனை கனத்தை அதே அலையால் அவ்வளவு எளிதாகத் தூக்கி எறிய முடிவதில்லை.

நீளத்துக்கென்று தனிப் பலனும் உண்டு. மூன்று விநாடிக்கு ஒருமுறை வரும் அலையில் முகட்டுக்கு முகடு சுமார் 14 மீட்டர். உன் படகு அதில் பாதிதான் நீளும் என்பதால், ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஒவ்வொரு முகட்டிலும் ஏறுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. 25 நாட் வேகத்தில் எதிரே சென்றால் விநாடிக்கு ஒன்றுக்கும் மேலாக அடி விழும். அதே அலையில் 60 அடிப் படகு இரண்டு முகடுகளின்மேல் பாலம்போலத் தாங்கி நின்று பள்ளத்தைக் கடந்துவிடும். இந்தக் குறையை எந்தச் சாய்வும் உன் படகுக்கு ஈடுசெய்யாது.

தவிர, ஆழ்ந்த சாய்வுக்கு விலை உண்டு. நீர் தூக்கும் விசை குறைவதால் அதே வேகத்துக்கு அதிக யந்திர பலமும் எண்ணெயும் வேண்டும். நங்கூரமிட்டு நிற்கையில் படகு எளிதாக ஒருபக்கம் சாயும். அதற்குப் பயந்து அகலத்தைக் கூட்டினால், சாய்ந்த படகு வெடுக்கென்று நிமிர்ந்து பிரயாணிகளை உலுக்கும். கப்பல்களின் ஆட்டத்தைப் பற்றி வில்லியம் ஃப்ரூட் 1861-இல் எழுதிய நாள்முதல், நிமிரும் பலம் மிகுந்த கப்பல் ஆடும் கடலில் சுகமான கப்பல் அல்ல என்பது இந்தச் சாஸ்திரத்தில் நிலைபெற்ற உண்மை.

உன் படத்தில் என்னை மிகவும் கலக்கியது ஆசனங்களின் ஏற்பாடு. பிரயாணிகள் பன்னிரண்டு பேரில் ஆறு பேரை அணியத்தில் உட்காரவைத்திருக்கிறாய். படகு முழுவதிலும் அடி மிகக் கொடியதாக விழும் இடம் அதுவே. கனத்தின் மையத்துக்கருகே இருப்பவனுக்குச் சாமானியமான குலுக்கலாகத் தோன்றுவது அங்கே இருப்பவனின் முதுகெலும்பை நொறுக்கக்கூடும். அலையை எதிர்பாராமல் அமர்ந்திருக்கும் ஒரு முதியவளையும் குழந்தையையும் மனத்தில் நிறுத்திக்கொண்டு வரைந்தாயானால் அந்த ஆறு ஆசனங்களும் தாமாகவே பின்னால் நகரும் என்று நம்புகிறேன். இந்த விஷயத்தில் நான் சமரசத்துக்கு இடங்கொடுக்க மாட்டேன்.

ஆகவே இப்படிச் செய். பின்தலையில் சாய்வை 20 பாகைக்கு இறக்கி, அணியத்தில் மட்டும் கூர்மையை வைத்துக்கொள். அகலத்தில் அரை அடியைக் குறை. எண்ணெய்த் தொட்டியைப் பின்கோடியிலிருந்து நடுவுக்குக் கொண்டுவா. பின்னால் கனம் சேரச் சேர அணியம் தூக்கும், தூக்கிய அணியம் அலையில் அறையும். பின்தலையில் அணியத்தைத் தாழ்த்தும் தகடுகள் இரண்டைப் பொருத்து. அவற்றைப் போல் குறைந்த செலவில் நிறைந்த பலன் தரும் உபாயம் வேறில்லை. எவ்வளவு உயர அலையில் எந்த வேகத்துக்குமேல் ஓட்டலாகாது என்பதை நிர்ணயித்து, சுக்கானருகே ஓட்டுபவன் கண்ணில் படும்படி ஒரு பலகையில் எழுதிவை. அது விற்பனைக்கு இடைஞ்சல் என்று யாரேனும் சொன்னால் கேளாதே.

நீ அனுப்பிய காகிதங்களில் எடைப் பட்டியல் இல்லை. யந்திரம், எண்ணெய், மனிதர், நங்கூரம் ஆகியவற்றின் எடையையும் அவை நிற்கும் இடத்தையும் ஒன்றுவிடாமல் எழுதி, அடுத்த தபாலில் திருத்திய படத்துடன் சேர்த்து அனுப்பு. அதைப் பார்க்காமல் இந்தப் படகை யாரும் கட்டத் தொடங்கவேண்டாம்.