சாலையை மூடினால் வண்டிகள் எங்கே போகும்?

நம்பிக்கை: பெரிய சாலையை மூடினால் அதில் ஓடிய வண்டிகள் அத்தனையும் பக்கத்துத் தெருக்களுக்குள் புகுந்துவிடும்.

உண்மை: நியூயார்க்கில் இந்தப் பயம் நீதிமன்றம் வரை போனது. மன்ஹாட்டனின் 14ஆம் தெருவைப் பேருந்துக்கும் சரக்கு வண்டிக்கும் ஒதுக்கி, கார்கள் நேரே கடந்துபோவதைத் தடுக்க மாநகரம் முடிவெடுத்தது. பக்கத்தில் 12, 13ஆம் தெருக்களில் குடியிருப்போர் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. திட்டம் சில மாதம் தள்ளிப்போய், 2019 அக்டோபர் 3இல் நடைமுறைக்கு வந்தது. வழி காலியானதால், அட்டவணையை முந்திவிடக் கூடாதே என்று பேருந்துகள் வேகத்தைக் குறைத்து ஓட வேண்டியிருந்தது. பக்கத்துத் தெருக்களிலோ பயண நேரம் பெரிதாகக் கூடவில்லை. 2020இல் திட்டம் நிரந்தரமானது.

கார்கள் எங்கே போயின? பலர் வெகு முன்பாகவே வேறு பாதைக்குத் திரும்பிவிடுவார்கள். தெருமுனைக்கு வந்த பிறகு வழி தேடுபவர்கள் கொஞ்சம்தான். சிலர் நேரத்தை மாற்றுவார்கள், இரண்டு வேலைகளை ஒரே பயணத்தில் முடிப்பார்கள், வேறு கடைக்குப் போவார்கள், ரயில் ஏறுவார்கள். 14ஆம் தெருவுக்கு அடியிலேயே சுரங்க ரயில் ஓடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. அடைத்தால் வேறு பக்கம் வழிய வண்டி ஒன்றும் தண்ணீர் இல்லை, ஓட்டுகிறவர் யோசிக்கிறார்.

நம்பிக்கை: அப்படியானால் வண்டிகள் மாயமாகிவிடும், கவலையே வேண்டாம்.

உண்மை: இது எதிர்த்தரப்பின் மூடநம்பிக்கை. நடைபாதை ஆர்வலர்கள் விரும்பி மேற்கோள் காட்டும் ஆய்வு ஒன்று உண்டு. 11 நாடுகளில் 70க்கும் மேற்பட்ட சாலைகளின் அனுபவத்தைத் தொகுத்து, சாலி கெய்ர்ன்ஸ், ஸ்டீஃபன் அட்கின்ஸ், ஃபில் குட்வின் மூவரும் 2002இல் வெளியிட்டது. சராசரியாக 22 சதவீத வண்டிகளைச் சுற்றுவட்டாரத்தில் எங்கும் காணோம் என்கிறது அது. ஆனால் அந்தச் சராசரியை ஒருசில பெரிய வெற்றிகள் தூக்கி நிறுத்துகின்றன. பாதி இடங்களில் குறைவு 11 சதவீதம் அல்லது அதற்கும் கீழேதான். மறையாத வண்டிகள் எங்கேயோ ஓடத்தானே வேண்டும்?

எங்கே என்பதற்குப் பாரிஸ் சாட்சி. சேன் நதியின் வலக்கரையை ஒட்டிய 3.3 கிலோமீட்டர் விரைவுச்சாலையை 2016இல் கார்களுக்கு மூடினார்கள். கரைக்கு இப்போது போனால் குழந்தைகள் விளையாடுவதைப் பார்க்கலாம். ஆனால் மேலே, நதியைப் பார்த்த வீடுகளின் வாசலில் உள்ள சாலையில் வண்டிகள் கூடின. இரவுச் சத்தமும் கூடியதை அளவீடுகள் காட்டின. கீழே நடப்பவர்களுக்குக் கிடைத்த அமைதிக்கு மேலே குடியிருப்பவர்கள் விலை கொடுத்தார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

நம்பிக்கை: எங்கள் தெருமுனையில் ஒரு தடுப்பு வைத்துவிட்டால் எங்களுக்கு விடிவு.

உண்மை: உங்களுக்கு விடிவு, அடுத்த தெருவுக்குத் தலைவலி. குறுக்குவழி தேடும் வண்டிக்கு நுழைவும் வெளியேற்றமும் வேண்டும். ஒரு தெருவை மட்டும் அடைத்தால் அதற்கு இணையான தெரு அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். அதனால்தான் லண்டனின் வால்தம்ஸ்டோ பகுதியில் ஒரு தெருவோடு நிறுத்தாமல், பெரிய சாலைகளுக்கு நடுவே உள்ள குடியிருப்பு முழுவதையும் சேர்த்துத் திட்டமிட்டார்கள். எந்த வீட்டுக்கும் காரில் போகலாம். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற மட்டும் முடியாது. 2015இல் அதன் திறப்பு விழாவுக்கு எதிர்ப்பாளர்கள் சவப்பெட்டி தூக்கி வந்தார்கள்! உள்தெருக்களில் போக்குவரத்து வெகுவாகக் குறைந்தது. சுற்றியுள்ள சில பெரிய சாலைகளில் ஓரளவு கூடவும் செய்தது. அங்கேயும் கடைகளுக்கு மேலே மனிதர்கள் குடியிருக்கிறார்கள், பெரும்பாலும் வாடகைக்கு. அவர்கள் புகாரைப் பொறாமை என்று தள்ளிவிடுவது நியாயமில்லை.

நம்பிக்கை: தெருக்களை அடைத்தால் தீயணைப்பு வண்டி நேரத்துக்கு வந்து சேராது.

உண்மை: அதே வால்தம்ஸ்டோ வட்டாரத்தில் தீயணைப்புத் துறையின் பதிவுகளை ஆராய்ந்தவர்களுக்கு அப்படித் தாமதமானதற்குச் சான்று கிடைக்கவில்லை.

நம்பிக்கை: முதல் வாரத்திலேயே விளைவு தெரிந்துவிடும்.

உண்மை: முதல் வாரம் தெரிவது குழப்பம். புதிய வழி பழக மாதக்கணக்கில் ஆகும். அதன் பிறகும், மூடுவதற்கு முன்பே பக்கத்துத் தெருக்களில் வண்டிகளை எண்ணி வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். அந்தக் கணக்கு இல்லாத ஊரில், கூடியது என்பவரும் குறைந்தது என்பவரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருப்பார்கள்.