கேழ்வரகு விதைப் பரீட்சையில் ஜோடிப் பாத்திகள்

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மானாவாரிச் செம்மண் நிலங்கள் ஒரே சீரானவை அல்ல. மேட்டில் மண் ஆழங்குறைந்து சரளை மிகுந்திருக்கும். பள்ளத்தில் வண்டலும் ஈரமும் தங்கும். மேட்டில் பழைய கேழ்வரகையும் பள்ளத்தில் புதிய ரகத்தையும் விதைத்துப் புதியதே மேலென்று தீர்மானிப்பவர், மண்ணின் குணத்தை விதையின் குணமாகக் கொள்கின்றனர். அதை நம்பி விதை வாங்குவோர்க்குப் பணமும் ஒரு வருஷத்துத் தானியமும் நஷ்டமாகலாம்.

இதற்குப் பரிகாரம் ஜோடிப் பாத்திகளே. மேட்டிலிருந்து பள்ளம் வரை ஆறு இடங்களைத் தேர்ந்து, ஒவ்வோரிடத்திலும் ஒரு சென்ட் அளவுள்ள இரண்டு பாத்திகளை அடுத்தடுத்து அமைத்தல் வேண்டும். எதில் எவ்விதை என்பதை நாணயத்தைச் சுண்டியே நிர்ணயிக்க வேண்டும். உழவு, எரு, விதைப்பு நாள், களையெடுப்பு யாவும் இரண்டிற்கும் ஒன்றாயிருத்தல் அவசியம்.

உதாரணமாக, மகசூல் கிலோ கணக்கில் பின்வருமாறு கண்டதென வைத்துக்கொள்வோம்:

பழையது: 6, 7, 8, 10, 10, 13
புதியது: 7, 8, 9, 12, 11, 13
வித்தியாசம்: 1, 1, 1, 2, 1, 0

சராசரிகள் முறையே 9, 10. ஜோடிகளைக் கருதாது கணக்கிட்டால், இந்த ஒரு கிலோ வித்தியாசம் அதன் பிழையில் 0.71 பங்கே ஆகும். அதைக்கொண்டு ஒன்றும் சொல்ல இயலாது. வித்தியாசங்களை மட்டும் எடுத்தாலோ, மண்ணின் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் கழிந்துபோகிறது. ஒவ்வொரு வித்தியாசமும் சராசரியாகிய 1-லிருந்து விலகும் அளவை வர்க்கமாக்கிக் கூட்ட 2. ஜோடிகளின் தொகையில் ஒன்று குறைத்து, 5-ஆல் வகுக்க 0.4. அதை 6-ஆல் வகுத்து வர்க்கமூலம் காண 0.258, இதுவே சராசரியின் பிழை. 1-ஐ இதனால் வகுக்க 3.87. ஆறு ஜோடிகளுக்கு அட்டவணை காட்டும் எல்லை 2.57. இரு விதைகளும் சமமாயிருப்பின், இந்த எல்லையை மீறும் வித்தியாசம் தற்செயலாய் நேர்வது நூற்றில் ஐந்து தடவையே. ஆகவே புதிய விதையின் மேன்மை நம்பத்தக்கது.

இவ்வகைக் கணக்கை 1908-ல் "ஸ்டூடண்ட்" என்னும் புனைபெயரில் வெளியிட்டவர், டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுவடிசாலையில் பணிபுரிந்த கோசெட் என்பவராவார்.

சில எச்சரிக்கைகள்: ஜோடிகளை விதைப்புக்கு முன்னரே குறித்துவிட வேண்டும், அறுவடைக்குப் பின் பொருத்தமானவற்றைச் சேர்த்தல் தகாது. காட்டு யானைகள் ஒரு பாத்தியை மேய்ந்துவிட்டால், அதன் ஜோடியையும் கணக்கிலிருந்து நீக்கவேண்டும். ஆனால் குலைநோயால் ஒரு ரகம் குன்றினால் அதை நீக்கலாகாது. அது விதையின் குணமேயாம். கிராம உத்தியோகஸ்தர்கள் சராசரியை மட்டும் எழுதாமல், ஜோடி ஜோடியாகவே பதிவு செய்தல் நலம். ஒரு பருவத்து முடிவோடு நில்லாது, மறு வருஷமும் பரீட்சித்த பின்னரே முழு நிலத்திற்கும் விதை மாற்றுதல் உசிதம்.